ஊமைக் கட்டை

பியானோவின் முன்சக்கரம் வாசற்படியை விட்டு நழுவிய கணத்திலேயே, செய்தது தப்பு என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. பியானோவுக்குத்தான் தெரியவில்லை. அது பாட்டுக்குப் போய், தலை குப்புறத் தெருப்பக்கம் இறங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, கதவு நிலையில் தோளை முட்டுக்கொடுத்து நின்றது. பாதி வீட்டுக்குள், பாதி தெருவில். கூட்டமான பஸ்ஸின் படியில் தொங்குகிற ஆள் மாதிரி. நிலைக்கு மேலிருந்து கொஞ்சம் காரை உதிர்ந்து அவன் தலையில் விழுந்தது. பிறகு எதுவும் அசையவில்லை. இழுத்தான், வரவில்லை. தள்ளினான், போகவில்லை. கெஞ்சாத குறை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதையும் செய்து பார்த்தான்.

அந்த வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். பின்பக்கம் துணி துவைக்கிற இடம், அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதில், அதற்கு அப்பால் வேறொருவர் வீட்டு மதில். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. உள்ளறைக் கட்டிலில் மாமனார் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். முந்தின நாள் மத்தியானத்துக்கு மேல் செத்துப் போனவர். மத்தியானம் வண்டி வரும். அவரை இந்த வாசல் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

சத்தம் கேட்டு மனைவி உள்ளறையிலிருந்து வந்தாள். பியானோவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"என்ன பண்ணீங்க?"

"ஹால்ல இடம் வேணுமேன்னு..."

"கிடைச்சுதா?"

கிடைத்திருந்தது. ஹால் நன்றாக விசாலமாக இருந்தது. அதற்குள் வருவதற்குத்தான் வழியில்லை.

அவளுக்கு அழுது அழுது கண் வீங்கியிருந்தது. இதற்கு வேறு தனியாக அழ வேண்டுமா என்று யோசிப்பவள் போலச் சற்று நின்றாள். பிறகு, "தம்பிக்கு ஃபோன் பண்றேன். வரும்போது தச்சரைக் கூட்டிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

அவன் அந்த வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. அது வேலை செய்கிற ரொட்டித் தொழிற்சாலையோடு சரி. இந்தத் தெருவில் பால்காரர், மின்கட்டணம் எழுத வருபவர், எதிர்வீட்டு டீச்சர், எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். கல்யாணம் முடிந்த வாரம் இரண்டு பெட்டியோடு வந்தவன். 'வேறு வீடு பார்க்கும்வரை' என்றுதான் அப்போது பேச்சு. அந்த வீட்டை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பியானோ அவனுக்கும் முன்னால் வந்தது. அதையும் யாரும் ஆசைப்பட்டு அழைத்துவரவில்லை.

மாமனார் ஒரு பெரிய ஹோட்டலில் லிஃப்ட் ஓட்டியவர். "நான் ஏறாத உயரமும் இல்ல, இறங்காத பள்ளமும் இல்ல. ஆனா ஒரு அடி முன்னால போனதில்ல" என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வார், குரல் இருந்த காலத்தில். ஹோட்டலை இடிக்க முடிவானபோது, வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு சாமானை எடுத்துக்கொள்ளலாம் என்றார்களாம். கெட்டிக்காரர்கள் மெத்தை, கண்ணாடி, மின்விசிறி என்று முந்திக்கொண்டார்கள். இவர் கடைசி முறையாக எல்லோரையும் கீழே இறக்கிவிட்டு, லிஃப்டைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தால் மிச்சமிருந்தது பியானோ ஒன்றுதான். வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதா என்று அதைக் கொண்டுவந்துவிட்டார். அந்த வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

சும்மா நின்ற பியானோ மேல் இஸ்திரிக்கு வேண்டிய துணி ஏறியது. பிறகு டீவி ஏறியது. பிறகு மருந்து டப்பாக்கள். மூடியின் கீல் உடைந்து மூடி போன இடம் தெரியவில்லை. கட்டைகள் வருஷம் முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன. அதை வீட்டைவிட்டு அனுப்ப மாப்பிள்ளை எடுத்த முயற்சிகள் கொஞ்சமல்ல. பழைய சாமான் வியாபாரி வந்தார், சுற்றிப் பார்த்தார், டீ குடித்தார், போய்விட்டார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இனாமாகவே தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தான். மிக்க நன்றி, வேறு ஏதாவது இருக்கிறதா என்றார்கள்.

பிறகு மாமனாருக்கு ஆஸ்பத்திரியில் தொண்டையில் கத்தி வைத்தார்கள். உயிர் வந்தது, குரல் போய்விட்டது. எழுதிக் காட்ட அவருக்குப் பொறுமையில்லை. ஒருநாள் பியானோவின் இடதுகோடியில் ஒரு கட்டையை அழுத்திவிட்டுக் கையை எடுக்காமல் இருந்தார். கும்மென்று அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். மாமியார் சமையலறையிலிருந்து ஓடிவந்தார். ஓடிவந்தவரிடம் தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார். அன்றிலிருந்து அந்தச் சத்தம் மாமியார். வலதுகோடியில் சின்னக் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டினது போன்ற சத்தம் மகள். ஓரமாக அருகருகே இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் மகன். அவனை வீட்டில் சின்னவன் என்பார்கள். இன்னொரு ஊரில் வேலை, எப்போதாவது வருவான். இல்லாத நாளிலும் சிலசமயம் அவன் சத்தம் கேட்கும். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தே அழுத்துவார் போலும்.

மாப்பிள்ளைக்கு எந்தக் கட்டை என்று கேட்டது மாப்பிள்ளையேதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மாமனார் நடுவில் ஒரு கட்டையைத் தேடி அழுத்தினார். டொக். அவ்வளவுதான். சத்தம் வரவில்லை, மரத்தில் விரல் முட்டியால் தட்டினது போல ஒரு டொக். மாமனார் மறுபடி ஒருமுறை அழுத்திக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீடே சிரித்தது. "அப்பா உங்களுக்குன்னு பார்த்துப் பார்த்து எடுத்திருக்கார் அத்தான்" என்றான் சின்னவன். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது மாப்பிள்ளைதான். வீட்டோடு மாப்பிள்ளையைப் பற்றி ஒரு மாமனாரின் அபிப்பிராயம் இதைவிடச் சுருக்கமாக வர முடியாது என்று அவனே தொழிற்சாலையில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தான். ஐந்தாவது ஆளிடம் சொல்லத் தோன்றவில்லை.

அவனுக்கு ராத்திரி வேலை, அடுப்புப் பக்கம். விடிந்ததும் உடைந்த ரொட்டி ஒன்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவான். ஓரத்தை வெட்டிவிட்டுப் பாலில் ஊறப்போட்டு மாமனாருக்குக் கொடுப்பான்; அறுவைக்குப் பிறகு அவர் தொண்டையில் அதுதான் இறங்கும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்குப் பேச முடியாது, ஒருவனுக்குத் தூக்கம். கிண்ணம் காலியானதும் அவன் எழுந்து போய்ப் படுத்துவிடுவான். அவன் அறைக்கும் பியானோவுக்கும் நடுவில் ஒரு சுவர்.

நேற்றும் அப்படித்தான் படுத்தான். மத்தியானத் தூக்கத்தில் டொக் டொக்கென்று கேட்டது. ரொட்டி வெந்துவிட்டதா என்று பார்க்க அதைக் கவிழ்த்து அடியில் தட்டுவார்கள். உள்ளே வெற்றிடமாக ஒரு டொக் வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். கனவில் அவன் ரொட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். டொக். வெந்துடுச்சு. அடுத்தது. டொக். அதுவும் வெந்துடுச்சு. வரிசை முடியாமல் வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. அவன் இன்னும் நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கினான்.

மனைவி கடைக்குப் போய்விட்டு வந்தபோது மாமனார் பியானோ முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். கை கட்டைகள் மேல் இருந்தது. அந்தக் கையை எடுத்து மடியில் வைத்தவள் அவள்தான். அப்புறம்தான் அவனை எழுப்பினாள்.

எந்தக் கட்டை மேல் இருந்தது என்று அவன் அப்போதே கேட்டான்.

"இப்ப எதுக்கு அது?" என்றாள்.

எதற்கு என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆனால் கேட்ட பிறகு அந்தக் கேள்வி போகவில்லை, தொண்டையில் ரொட்டி ஓரம் மாட்டியது போல.

ஹாலில் இடம் வேண்டும் என்று பியானோவைத் தள்ளியதாகச் சொன்னானே, அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவன் யாரிடமும் சொல்லவில்லை. விடியற்காலையில் மாமியாரும் மனைவியும் உள்ளறையில் கட்டிலை ஒட்டி அசதியில் கண்ணை மூடியிருந்தார்கள். ஜன்னல் வெளுத்துக்கொண்டிருந்தது. அவன் ஹாலில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

டொக்.

திரும்பிப் பார்த்தான். பியானோ முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. கட்டை இறங்கியதை அவன் பார்க்கவில்லை. ஏறியதைப் பார்த்தான். நடுவிலிருந்த அந்த ஒரு கட்டை, அவசரமில்லாமல், மேலே விரல் இருந்து இப்போதுதான் எடுத்தது போல, மெல்ல எழுந்து மற்றவற்றோடு சமமாக வந்து நின்றது.

எலி என்று சொல்லிக்கொண்டான். பழைய மரம், காலைக் குளிர் என்று சொல்லிக்கொண்டான். இரண்டையும் நம்பி முடித்துவிட்டு எழுந்து போய்ப் பியானோவைத் தள்ளத் தொடங்கினான்.

சின்னவன் பஸ்ஸிலிருந்து இறங்கி, தச்சரையும் கூட்டிக்கொண்டு நேரே வந்தான். அப்பா முகத்தைப் பார்க்க ஊர்விட்டு ஊர் வந்தவன் வாசலில் பியானோவின் முகத்தைப் பார்த்து நின்றான்.

"இது என்ன அத்தான்?"

"பியானோ" என்றான் மாப்பிள்ளை.

சின்னவனுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியிலேயே அழுகையாக மாறியது. பியானோவின் தலைமேல் கையை நீட்டினான். மாப்பிள்ளை உள்ளேயிருந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

அதற்குள் தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பியானோவுக்கு அந்தப் பக்கம் நின்று, கவுன்டரில் டிக்கெட் வாங்குவது போல எட்டிக் கையைப் பிடித்து, "நல்ல மனுஷன்" என்று சொல்லி நகர்ந்தார்கள். கொண்டுவந்த பூக்களைப் பியானோ மேலேயே வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் செத்தது பியானோ என்று சொல்லும்படி ஆகிவிட்டது. எதிர்வீட்டு டீச்சர் டீ ஃபிளாஸ்கை அதன் தலைமேல் வைத்து உள்ளே தள்ளினார். தள்ளிவிட்டுத் துக்கம் தாங்காமல் அப்படியே குனிந்து சாய்ந்தார். முழங்கை கட்டைகள் மேல் பட்டது.

கும்மென்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது.

"இதோ வரேன்" என்றார் மாமியார், உள்ளறையிலிருந்து.

தெருவில் பேச்சு நின்றது. மாமியார் கட்டில் பக்கத்திலிருந்து எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகியபடி ஹாலுக்கு வந்து, பியானோ இருந்த மூலையை நோக்கிப் போனார். அங்கே எதுவுமில்லை. சுவரில் அதன் அளவுக்கு மட்டும் பழைய வெள்ளை அடித்தது அழுக்காகாமல் இருந்தது. அதன் முன்னால் நின்றார்.

"என்ன வேணும்?" என்றார்.

மகள் வந்து அவர் தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப் போனாள். டீச்சர் கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, தெருவின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுவிட்டார். அதன் பிறகு வந்தவர்கள் யாரும் பியானோவைத் தொடவில்லை.

தச்சர் ஜன்னல், கட்டில் வேலை செய்பவர். பியானோவை ஒரு சுற்றுச் சுற்றிவர முடியாது என்பதால் பாதிச் சுற்று வந்து பார்த்தார்.

"நல்லா மாட்டியிருக்கு" என்றார், ஏதோ தானே மாட்டியது போல.

"எடுக்க முடியுமா?"

"ரெண்டு வழி இருக்கு. நிலையைப் பெயர்க்கலாம். பெயர்த்தா மேல இருக்கிற சுவரு எப்படி நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். இல்லேன்னா இதை உடைக்கணும். உடைச்சா உடைச்சதுதான். அப்புறம் ஒட்டிக் குடு, மாட்டிக் குடுன்னு என்கிட்ட வரக் கூடாது."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக அதை வீட்டைவிட்டு அனுப்பத் துடித்தவன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் உள்ளறைக்குப் போனான்.

மாமியார் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மாமனாரின் வலது கையைத் தன் கைக்குள் வைத்திருந்தார். அந்தக் கையில் ஆள்காட்டி விரல் மட்டும் மடங்கி, நுனி கீழே பார்த்தபடி நின்றது. ராத்திரியே அதை நீவி நேராக்கப் பார்த்தார்கள், மறுபடி மடங்கிக்கொண்டது. எதையோ அழுத்திவிட்டு இன்னும் பதில் வராமல் காத்திருக்கிற விரல்.

"அத்தை, அதை உடைக்கணுமாம்."

மாமியார் நிமிரவில்லை.

"உடைச்சிடுங்க மாப்பிள்ளை."

"யோசிச்சு..."

"இனிமே யாரு கூப்பிடப் போறா?"

அவன் வாசல் பக்கம் வந்தபோது தச்சர் சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டிருந்தார். முதலில் மேல்பலகையைத் திறந்தார். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னச் சுத்தியல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் அழுக்கு வெள்ளைக் கம்பளம். அவற்றுக்குப் பின்னால் கம்பிகள். இத்தனை வருஷம் வீட்டில் இருந்த சாமானின் வயிற்றை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். சின்னவன் டார்ச் அடித்தான்.

"இது ஒண்ணு மட்டும் என்னப்பா இப்படி?" என்றார் தச்சர்.

நடுவில், நிலையை ஒட்டி நின்ற கட்டை அது. சாய்ந்ததில் மரத்தில் உரசி உள்ளே அமுங்கியிருந்தது. அதன் சுத்தியல் மற்றவற்றை விட்டுவிட்டு முன்னால் எழுந்து, கம்பியில் தலையை வைத்தபடி நின்றது. அதன் தலையில் துணி சுற்றியிருந்தது. சும்மா சுற்றவில்லை, நாலு மடிப்பாகச் சுற்றி, பொடித் தையல் போட்டு, நூலை உள்ளே மறைத்து முடிச்சுப் போட்டிருந்தது.

"எலி கூடு கட்டியிருக்கும்" என்றான் சின்னவன்.

"எந்த ஊர்ல எலி ஊசி நூல் வச்சிருக்கு?" என்றார் தச்சர். பேனாக்கத்தியால் நூலை அறுத்து, துணியை உருவிக் கீழே போடப் போனார். மாப்பிள்ளை கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

நீலக் கட்டம் போட்ட துணி. தொழிற்சாலையில் சூடான தட்டுப் பிடிக்கக் கொடுக்கிற துணி. ஓரத்தில் கொஞ்சம் கருகல். அவன்தான் கொண்டுவந்திருப்பான், அந்த வீட்டில் வேறு யாரும் கொண்டுவரப் போவதில்லை. துணி இல்லாத சுத்தியலைத் தச்சர் ஒரு விரலால் தட்டிவிட்டார்.

அந்த வீட்டில் மாப்பிள்ளை அதுவரை கேட்டிராத சத்தம் ஒன்று வந்தது. கும்மென்றும் இல்லை, கிண்ணம் போலவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், நிதானமாக, வட்டமாக, தெருவைத் தாண்டிப் போய்த் தேயாமல் நின்றது. சின்னவன் டார்ச்சை இறக்கினான். உள்ளறையிலிருந்து இந்த முறை யாரும் 'வரேன்' என்று சொல்லவில்லை. ஆனால் மனைவி வாசற்கதவு வரை வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"நேத்து அவர் விரல் எதுமேல இருந்துச்சு?" என்று அவன் கேட்டான்.

"பியானோ மேல."

"பியானோல எதுமேல?"

"வண்டி வர்ற நேரமாச்சு. வேலையைப் பாருங்க." அவள் உள்ளே திரும்பினாள். திரும்புவதற்கு முன் ஒருகணம் அம்மா இருந்த அறைப் பக்கம் அவள் கண் போய் வந்ததை அவன் கவனித்தான்.

அப்புறம் நடந்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்கள். வெளியே தெரிகிற வெள்ளை கொஞ்சம்தான்; பின்னால் முழம் நீளத்துக்கு மரக்குச்சி. சுத்தியல் வரிசையைக் கழற்றி அப்படியே தூக்கித் தெருவில் வைத்தார்கள். கம்பிகளைத் தளர்த்தாமல் வெட்டினால் கண்ணைப் பறித்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தச்சர் முறுக்காணிகளைத் திருகித் தளர்த்தத் தொடங்கினார். கம்பிகள் ஒவ்வொன்றாக ஓலமிட்டுக்கொண்டே இறங்கின. மேலேயிருந்து கீழே, மேலேயிருந்து கீழே. லிஃப்ட் இறங்குவது போல என்று மாப்பிள்ளை நினைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. மாமியாரின் சத்தம் எது, மனைவியின் சத்தம் எது என்று அந்த ஓலத்தில் பிரிக்க முடியவில்லை. பிறகு ரம்பம் வந்தது. உள்ளறையில் மாமியார் மாமனாரின் காதுகள் இரண்டையும் தன் கைகளால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று பின்னால் மனைவி சொன்னாள்.

இரும்புச் சட்டம் மட்டும் அறுபடவில்லை. அதை ஆறு பேர் சேர்ந்து இழுத்துத் தெருச் சுவரில் சாய்த்தார்கள். வழி திறந்தது. வண்டிக்காரர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். மாப்பிள்ளையும் சின்னவனும் முன்னால் பிடித்தார்கள். வாசற்படியில் இறங்கும்போது கட்டில் ஒருபக்கம் சாய்ந்தது; மரச்சிராய்கள் காலடியில் நொறுங்கின. துணிக்கு வெளியே அந்த விரல் தெரிந்தது. மடங்கித்தான் இருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. சின்னவன் அக்காவோடு சமையலறையில் எதையோ சூடு பண்ணிக்கொண்டிருந்தான். தெருக்காரர்கள் உடைந்த மரத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஹாலில் பியானோ நின்ற இடத்தில் தரையில் சக்கரக் குழிகள். அந்தச் சுவரைப் பார்த்தபடி மாமியார் மேசையருகில் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை.

மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து நீலத் துணியை எடுத்து மேசை மேல் வைத்தான். பிறகு, யாருக்கும் தெரியாமல் மரக்குவியலிலிருந்து எடுத்துவைத்திருந்த ஒரு கட்டையையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். வெள்ளை முகப்பு, பின்னால் நீளமாக மரம். அதில் விரல் படுகிற இடம் மட்டும் தேய்ந்து லேசாகக் குழிந்திருந்தது. மற்ற எந்தக் கட்டையும் அப்படித் தேயவில்லை. அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"அத்தை."

"ம்."

"இதுல துணி சுத்தினது யாரு?"

"நான்தான்." மாமியார் சுவரிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "அவர்தான் சுத்தச் சொன்னார். அதுலதான் நல்ல சத்தம், தெரியுமா? எங்க எல்லாருக்கும் ஓரத்துல குடுத்துட்டு, உங்களுக்குன்னு அதை எடுத்து வச்சிருந்தார். அப்புறம் நீங்க பகல்ல தூங்கறவராச்சே. கூப்பிட்டா எழுந்து வந்துடுவீங்கன்னு துணி சுத்தச் சொன்னார்."

"கூப்பிடாம இருந்திருக்கலாமே."

"அது அவரால முடியல." மாமியார் துணியை எடுத்து முழங்கால் மேல் வைத்து நீவினார். "நீங்க போய்ப் படுத்ததும் உட்கார்ந்துடுவார். டொக்கு டொக்குன்னு தட்டிட்டே இருப்பார். என்ன வேணும்னு போய்க் கேட்பேன். உன்னை இல்லைன்னு கையாட்டுவார். எனக்குச் சிரிப்பா வரும்."

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டு அடங்கியது.

"நேத்து?" என்றான்.

மாமியார் துணியின் கருகிய ஓரத்தை நகத்தால் சுரண்டினார். உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அம்மா, பேசாம இரு என்பது போல வாயெடுத்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. முதல்முறையாக மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கூப்பிட்டார் மாப்பிள்ளை. ரொம்ப நேரம் கூப்பிட்டார். பலமாக்கூடக் கேட்டுச்சு. எப்பவும் பண்றதுதானேன்னு நான் பின்னால துணி அலசிட்டிருந்தேன்."

அவன் தலையாட்டினான். தெருவில் ஒரு வண்டி போனது; சுவரில் சாய்த்திருந்த இரும்பு லேசாக அதிர்ந்து ஓய்ந்தது.

மாமியார் கையை நீட்டி, மேசை மேல் கிடந்த கட்டையின் தேய்ந்த குழியில் விரலை வைத்தார். மெல்ல அழுத்தினார். அது எங்கே இறங்கும்? சத்தமும் வரவில்லை.

மாப்பிள்ளை எழுந்து நின்றான்.